எங்கள் நிலத்து உறைகிணறு

சேரப்பணஞ்சேரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதில் பண்ணைக்குட்டை வெட்டிய அன்று, கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து யூனிஃபார்மோடு நேராக அங்கே போனேன். மழைத் தண்ணீரைத் தேக்கினால் ஒரு போகமாவது முழுசாக எடுக்கலாம் என்பது என் ஆசை. கணவருக்கு அதில் அரை மனசுதான்.

ஜேசிபி ஆளுயரம் தோண்டியதும் கரக்கென்று ஒரு சத்தம். டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"அக்கா, உள்ள இன்னாமோ ரவுண்டா கீது. இழுத்துப் போட்டுரவா?"

"வேணாம், வண்டிய நிறுத்துங்க" என்றபடி பள்ளத்தில் இறங்கினேன். கையால் மண்ணைத் தள்ளத் தள்ள, சுட்ட மண்ணில் செய்த பெரிய வளையம் ஒன்று தெரிந்தது. அதன் கீழே இன்னொன்று. பக்கத்தில், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஒரு பானைத் துண்டு.

கணவரும் இறங்கி வந்து தொட்டுப் பார்த்தார். "நம்ம வூட்டுக் கிணத்துல சிமெண்ட் உறை எறக்கிக்கிறோமே, அதே மாதிரி கீது பாரு" என்றார். அவர் குரலே மாறியிருந்தது.

நாங்கள் தண்ணீருக்காகத் தோண்டிய இடத்திலேயே முன்பு யாரோ தண்ணீருக்காகத் தோண்டியிருக்கிறார்கள்.

வி.ஏ.ஓ.வுக்குப் போன் செய்தோம். அந்த வாரமே தொல்லியல் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். மண்டியிட்டு, பிரஷ்ஷால் மண்ணைத் தட்டியபடியே சொன்னார்: "உறைகிணறுதாங்க. ரொம்பப் பழசு. எந்தக் காலம்னு ஆய்வு பண்ணாத்தான் தெரியும். கிணறு இருந்தா சுத்தி ஜனங்க இருந்திருப்பாங்க. சின்ன ஊரா, பெரிய ஊரான்னு தோண்டிப் பாக்கணும்."

"அப்ப எங்க குட்டை?" என்றேன்.

அவர் சிரித்தார். "இங்க வேணாங்க. நிலத்தோட மேற்கு மூலையில முதல்ல நாங்க பாத்துச் சொல்றோம். ஒண்ணும் இல்லன்னா தாராளமா வெட்டிக்குங்க."

அங்கே எதுவும் கிடைக்கவில்லை. அரை மனசாக இருந்த கணவரே கயிறு பிடித்துக் குட்டைக்கு அளவு போட்டார். கிணற்றின் மேல் தகரக் கொட்டகை எழுந்தது. ஐப்பசி மழையில் குட்டை கரை தொட நிரம்பியது; நாற்று நட்டோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் எங்கள் லைனில் வேலை செய்யும் பெண்கள் உறைகிணற்றைப் பார்க்க ஷேர் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். ஒருத்தி குனிந்து பார்த்து, "இவ்ளோ குறுகல்ல எறங்கி எப்டிண்ணா உறை வச்சாங்க?" என்றாள். கணவர் விளக்க ஆரம்பித்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது, கூப்பிட்டும் ஒருவரும் வரவில்லை. கடைசியில் நானும் போய் அவர்களோடு நின்றுகொண்டேன்.