மருமகள் பாஷை

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அனுப்பும் சலவைக்கூடத்தில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதிலும் பெரியவள், குரலிலும் பெரியவள். இயந்திரங்கள் போடும் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்டால்கூடச் சண்டைக்கு வருவதுபோல் இருக்கும். கணவர் இறந்தபின் அந்தக் குரலைக் கேட்க வீட்டில் ஒரே மகன்தான்.

அந்த மகன் வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு, அந்த ஊர்ப் பெண்ணையே கட்டிக்கொண்டு திரும்பி வந்தான். மருமகளுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. மாமியாருக்கு அவள் பாஷை எந்தப் பக்கம் ஆரம்பிக்கிறது, எந்தப் பக்கம் முடிகிறது என்றே பிடிபடவில்லை. நடுவில் மகன் துபாஷியாக உட்கார்ந்தான்.

முதல் சில வாரங்கள் வீட்டில் அப்படியொரு அமைதி. பெரியக்காவுக்கு அதுதான் சந்தேகம். ஒருநாள் மருமகள் நனைந்த துணியைக் கட்டில்மேல் போட்டுவிட்டாள். பெரியக்கா மூச்சுவிடாமல் கத்தித் தீர்த்தாள். மகன் மனைவி பக்கம் திரும்பி ஏதோ மூன்று சொல் சொன்னான். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டி, பதிலுக்கு நீளமாக எதையோ சொன்னாள்.

"என்னடா சொல்றா?"

"சரிங்கிறாம்மா."

"அம்புட்டுப் பேச்சுக்கு ஒரு சரிதானா? நீ பாதிய முழுங்கிடறடா. என் பக்கமும் முழுங்குற, அவ பக்கமும் முழுங்குற. உன் வயிறுதான் நிறையுது."

மறுநாள் சலவைக்கூடத்தில் குள்ளம்மாவிடம் இதைச் சொல்லிப் பொருமினாள். விரிப்பின் ஒரு முனையைப் பெரியக்கா பிடித்தால் மறுமுனையைப் பிடிக்கிறவள் குள்ளம்மா. மடித்துக்கொண்டே அவள் யோசனை சொன்னாள். தன் தம்பி மகள் போனில் ஒரு பாஷை படிக்கிறாளாம். எல்லாம் படம். போன் அந்தப் பாஷையில் ஒரு வாக்கியம் சொல்லும். நான்கு படத்தில் சரியானதைத் தொட வேண்டும். தமிழ் எங்கேயும் வராது, மொழிபெயர்ப்பே கிடையாது.

"அர்த்தம் யாரு சொல்லுவா?"

"படம் சொல்லும்க்கா. கைக்குழந்தைக்கு யாரு அர்த்தம் சொல்லிக் குடுத்தா?"

அந்தத் தம்பி மகளைப் பிடித்து, மருமகள் பாஷைக்கான பாடத்தைப் பெரியக்கா தன் போனிலும் ஏற்றி வாங்கினாள். மகனிடம் மூச்சுக்காட்டவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் துணி மூட்டைமேல் சாய்ந்துகொண்டு படம் பார்த்தாள். ஒரு பெண் தண்ணீர் குடிக்கிறாள். ஒரு ஆள் தண்ணீர் குடிக்கிறான். குதிரையும் தண்ணீர் குடிக்கிறது. தப்பாகத் தொட்டால் டொக்கென்று தலையில் குட்டுவதுபோல் ஒரு சத்தம். ஆரம்பத்தில் குட்டு வாங்கியே பொழுது போனது. பிறகு, இரண்டு படத்தில் எது மாறியிருக்கிறது என்று பார்த்தால், காதில் விழுவதில் எது மாறியது என்று தானாகவே விளங்கத் தொடங்கியது. 'குடிக்கிறான்' என்று மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பதுகூட மெல்ல நின்றது. அந்தச் சத்தம் கேட்டதும் டம்ளர்தான் கண்ணில் வந்தது.

படத்தில் ஒரு சங்கடமும் இருந்தது. ஒரு கிழவர் பெட்டியோடு பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அதற்கு ஒரு சொல். மற்ற மூன்று படமும் நாய், பூனை, சோறு. எனவே கிழவரைத் தொட்டாள், சரி என்றது. ஊருக்குக் கிளம்புவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று பெரியக்கா முடிவு கட்டிக்கொண்டாள்.

இதற்கிடையில் மருமகள் முகம் விழுந்துபோயிற்று. சமையலறைக்கு வந்தாலும் ஒத்தாசைக்குக் கை நீட்டவில்லை. பெரியக்காவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒரு காலை, மகன் வேலைக்குப் போனபின், மருமகள் மேசையில் போனை வைத்துக்கொண்டு கண்ணைத் துடைப்பதைப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. முதன்முதலாக அவள் பாஷையில் வாயைத் திறந்தாள்.

"பெண் அழுகிறாள்?"

மருமகள் தூக்கிவாரிப்போட நிமிர்ந்தாள். மாமியாரையே பார்த்தாள். பிறகு மெதுவாக ஒரு சொல் சொன்னாள். படத்தில் பெஞ்சுக் கிழவருக்கு வந்த அதே சொல்.

ஊருக்குக் கிளம்புகிறாள் என்றே பெரியக்கா எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டுத் தூக்கைக்கூட எடுக்காமல் வேலைக்கு ஓடினாள்.

"பொட்டி கட்டப்போறாடி" என்றாள் குள்ளம்மாவிடம். "நான் பண்ணின கூத்துதான்."

"மகன்கிட்டக் கேளேன்."

"அவன்கிட்டக் கேட்டா பாதிதான் வரும்."

மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு மத்தியானமே வீடு திரும்பினாள். மருமகள் அதே நாற்காலியில் இருந்தாள். போகாதே என்று சொல்லப் பாடம் அதுவரை வரவில்லை. வந்ததை வைத்துச் சமாளித்தாள். "பெண் வீட்டில் இருக்கிறாள். வீடு நல்ல வீடு." மருமகள் விழித்தாள். பெரியக்கா காய் வந்த காகிதப்பையைக் கிழித்து ஒரு பெட்டியும் பஸ்ஸும் வரைந்து, இரண்டையும் பெருக்கல்குறி போட்டு அடித்தாள்.

மருமகளுக்கு அழுகையிலும் சிரிப்பு வந்துவிட்டது. பேனாவை வாங்கினாள். பெஞ்சில் ஒரு ஆள், பெட்டி இல்லை. சாலை இருக்கிறது, பஸ் இல்லை. அந்தச் சொல்லைச் சொன்னாள். அடுத்து ஒரு கட்டில், அதில் ஒரு ஆள், நெஞ்சின்மேல் கத்தி, பக்கத்தில் டாக்டர். கட்டிலில் இருந்தவரைத் தொட்டு 'அப்பா' என்றாள்; அந்தச் சொல் பெரியக்காவுக்குத் தெரியும். கடைசியாக ஒரு போனை வரைந்து, தன்னைத் தொட்டுக் காட்டி, மறுபடி அதே சொல்.

காத்திருக்கிறாள். அப்பாவுக்கு ஆபரேஷன், தகவலுக்குக் காத்திருக்கிறாள்.

பெரியக்கா இரண்டு டம்ளர் டீ போட்டு வைத்துவிட்டு, வேலைச் சீருடையோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டீ ஆறிப்போய் ஏடு கட்டியது. போன் அடித்தபோது மருமகள் எடுத்து, மாமியாரும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அங்கிருந்து ஒரு பெண் குரல் மளமளவென்று கொட்டியது. நடுவில் பெரியக்காவின் காதில் ஒன்று சுத்தமாக விழுந்தது. அப்பா தண்ணீர் குடிக்கிறார்.

"குடிக்கிறாரா!" என்று தமிழில் கத்தியவள் மருமகளைக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் மகன் வந்ததும், ஏன் மறைத்தாய் என்று பெரியக்கா பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு பிரஷர் ஏறிடும்னுதான்மா சொல்லல."

"சம்பந்தியப் பத்தி நான் ஒரு வார்த்தை கேக்கலயேன்னு அவ நினைக்கமாட்டா?"

மகன் தலையைச் சொறிந்தான். "அம்மாகிட்டச் சொல்லிட்டேன், வருத்தப்பட்டாங்கன்னு அவகிட்டச் சொன்னேன்."

"அடப்பாவி! அப்போ தெரிஞ்சும் கல்லு மாதிரி இருக்கேன்னுதானேடா எம்மேல கோவமா இருந்திருக்கா?"

தனக்கு விஷயமே தெரியாது என்பதை ஒன்றுவிடாமல் மருமகளிடம் அவனை நிற்கவைத்துச் சொல்லச் செய்தாள். அன்றைக்குத்தான் அவன் எதையும் முழுங்காமல் மொழிபெயர்த்தான். மருமகள் மாமியார் பக்கம் வந்து நின்றுகொண்டு அவனை முறைத்தாள்.

ஒரு வாரம் கழித்துச் சம்பந்தி வீடியோவில் வந்தார். பெரியக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு, கற்ற வித்தையை எல்லாம் இறக்கினாள். "மனிதர் கட்டிலில் இருக்கிறார். மனிதர் சோறு சாப்பிடுகிறார்? குதிரை சாப்பிடவில்லை." சம்பந்தி தையல்மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். போதும் போதும் என்று அவர் மனைவி போனைப் பிடுங்கினாள்.

மருமகளும் இப்போது தமிழ் கற்கிறாள். அவளுக்குப் போன் வேண்டியிருக்கவில்லை. பெரியக்கா கரண்டியைத் தூக்கிக் காட்டிக் கரண்டி என்பாள், அதைக் கீழே போட்டு விழுந்துடுச்சு என்பாள். சலவைக்கூடத்துக் குரலில் கற்றதால் மருமகளின் தமிழும் கொஞ்சம் உரக்கத்தான் வருகிறது. சண்டை போடாமல் இல்லை. அவள் இவள் பாஷையிலும் இவள் அவள் பாஷையிலுமாக நேராகவே போட்டுக்கொள்கிறார்கள். பாடத்தில் பெரியக்கா இன்னும் இறந்தகாலத்துக்கு வந்து சேரவில்லை. அதனால் நேற்று நடந்ததும் அவள் வாயில் இன்றைக்கு நடப்பதாகத்தான் வரும்.