கெடுதல் இல்லாத கட்டி

போன கிழமை சாம்பல்தீவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தானின் உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தபிறகு அப்போதுதான் முதல் தடவை போனேன். அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று கேட்கிறீர்களா?

அத்தான் கடல் தொழில் செய்பவர். கொஞ்ச நாளாகவே இடுப்பில் குத்து, வலது தொடையில் விறைப்பு. வலை இழுத்த களைப்பு என்று எண்ணெய் பூசிக்கொண்டு போய்வந்தார். அக்காதான் பிடிவாதமாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். ஸ்கான் செய்தார்கள். வயிற்றுக்குள், முதுகெலும்பை ஒட்டி, தேசிக்காயைவிடப் பெரிதாக ஒரு கட்டி.

என்ன கட்டி என்று இப்போது சொல்ல முடியாது, இன்னும் பார்க்க வேண்டும் என்றுதான் அங்கே சொன்னார்கள். அக்காவின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல் — கட்டி. வயிற்றில் புற்று வந்து கிடந்த மாமியாரைக் கடைசிவரை கழுவித் துடைத்துப் பார்த்தவர் அவர். வேறு எதை நினைப்பார்?

அன்றைக்கே மகனுக்கு போன் எடுத்தார். நிரோஷன் கனடாவில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவன். ஊருக்கு வந்தால் எல்லாம் போச்சு, திரும்பிப் போக வழியில்லை. அது அவனுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். "அப்பாவை உயிரோட பார்க்கிறதெண்டா வா" என்றாராம்.

வந்துவிட்டான்.

அவனும் நானும்தான் அத்தானைக் கொழும்புக்குக் கூட்டிப்போனோம். சி.டி., பிறகு எம்.ஆர்.ஐ. டொக்டர் பொறுமையான மனிதர். திரையில் படத்தைக் காட்டி விளக்கினார். முட்டை வடிவம். கோடு போட்டதுபோலத் தெளிவான விளிம்பு. பக்கத்து இரத்தக்குழாயைத் தள்ளியிருந்தது, துளைத்துக்கொண்டு போகவில்லை. எலும்பை அரிக்கவில்லை. எம்.ஆர்.ஐ.யில் ஓரம் வெள்ளையாகப் பளிச்சிட்டது, நடு கறுத்துக் கிடந்தது. நரம்பிலிருந்து வளரும் சாதாரணக் கட்டிகள் அநேகமாக இப்படித்தான் தெரியுமாம்.

"புற்றுநோய் மாதிரித் தெரியேல்ல. ஆனா படத்தை மட்டும் வைச்சுச் சொல்லேலாது. ஊசியால துளி எடுத்துப் பார்ப்பம்."

எனக்கு மூச்சு வந்தது. நிரோஷனைத் திரும்பிப் பார்த்தேன்... திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் வெளிறிப் போயிருந்தது.

ஊசிப் பரிசோதனையும் அதையே சொன்னது. கெடுதல் இல்லாத கட்டி. ஆனால் காலுக்குப் போகும் நரம்போடு ஒட்டியிருப்பதால், வெட்டினால் கால் சோர்ந்துபோகலாம். இப்போதைக்குத் தொடவேண்டாம், இடைக்கிடை ஸ்கான் எடுத்து வளர்கிறதா என்று பார்த்தால் போதும் என்றார்கள்.

எவ்வளவு நல்ல செய்தி! அக்கா அதைக் கேட்டதும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அத்தானால் முன்போல வலை இழுக்க ஏலாது. கடலுக்குப் போவது இப்போது நிரோஷன். போன கிழமை நான் போனபோது முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். கதிரையில் இருந்த அத்தான், அவனுக்குக் கேட்கும் என்று தெரிந்தே சொன்னார்.

"நான் செத்திருந்தா, இவன் வந்ததுக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்."

"அப்பிடிக் கதையாதேங்கோ அப்பா" என்றான் நிரோஷன். நிமிரவில்லை.

அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போனார். அவரை யாரும் குற்றம் சொல்லவில்லை. குற்றம் சொன்னால்கூடப் பரவாயில்லை என்பதுபோல இருந்தது அவர் நடை.

பரிசோதனை முடிவு வரும்வரை பொறுத்திருங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுவது சுலபம். மகனைக் கூப்பிடப் போனைக் கையில் எடுத்துவிட்ட எந்த அம்மாவிடம் போய் அதைச் சொல்வது?