சாமி அலமாரியான கிராமபோன் பெட்டி

வண்டியூரில் ஒருவர், தான் வாங்கிய பழைய கிராமபோன் பெட்டியை முன்பிருந்தபடி ஆக்கித் தரச் சொல்லித் தச்சனான என்னைக் கூப்பிட்டார். யாரோ அதைச் சாமி அலமாரியாக மாற்றியிருந்தார்கள். பார்த்ததும் தெரிந்துவிட்டது, இருபது வருடத்துக்கு முன் வேறொரு வீட்டுக்கு நான் செய்த வேலைதான்.

"இம்புட்டு நல்ல தேக்க எந்த மடப்பய அறுத்தான்ணே?"

"தெரியலைங்க" என்றேன்.

அதன்பின் தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனைத் திட்டினார். நானும் தலையாட்டினேன். பிரிக்கும்போது, பெட்டியின் சத்தம் வரும் வாயை அடைத்திருந்த பலகை மட்டும் அசையவில்லை. சாமிக்கு இரும்பு ஆகாது என்று ஆணி அடிக்காமல் மரமுளை இறக்கியிருந்தேன். அவர் குனிந்து முளைகளைத் தடவினார்.

"பாவிப்பய, வேலைக்காரன்தாண்ணே. இப்படி ஒரு ஆள் இப்ப கெடைப்பானா?"

அதற்கும் தெரியாது என்றே சொல்ல வேண்டியிருந்தது.