பட்டைக்கு அடியில் பச்சை

மலைநாட்டில், ஹல்துமுல்லைப் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் நிலம் விரிசல் விட்டுவிட்டது. மண் எப்போது சரியுமோ என்று காத்திருக்க மனமில்லாமல், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலையடிவாரத்து வெல்லவாய பக்கம் கிடைத்த காட்டுக் காணிக்கு இறங்கினேன். ஆடி மாதம். காற்று அனலாக வீசியது. காணியில் பெரும்பாலும் மொட்டை மரங்கள்.

மனைவி மூட்டையைக்கூட இறக்கவில்லை. "செத்த காட்டுலயா பொழைக்கப் போறோம்? நான் பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு லயத்துக்கே போறேன்," என்றாள். விரிசல் விட்ட லயத்துக்கு! எனக்குக் கோபம் தலைக்கேறியது. குடிசைக்கு இடம் வெட்டக் கத்தியை எடுத்துக்கொண்டு மரங்கள் பக்கம் நடந்தேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வருஷம் முழுக்கத் தேயிலைப் பச்சையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, இலையில்லாத கொம்பு என்றால் விறகுதான்.

வெட்டப் போகுமுன் கட்டைவிரல் நகத்தால் பட்டையைச் சுரண்டினேன். கவாத்து வெட்டியவனின் கைப்பழக்கம் அது. வெட்டிய தேயிலைச் செடிக்கு உயிர் இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்போம். உள்ளே பச்சை. ஈரம்கூட இருந்தது. அடுத்த மரத்தைச் சுரண்டினேன், அதற்கடுத்ததையும். அங்கேயும் பச்சை.

பெயரெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. முதிரை இலையைக் கொட்டிவிட்டுப் பேசாமல் தூங்கியது. கிளுவை தண்டுக்குள் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, இலை செய்யும் வேலையைப் பச்சைப் பட்டையை வைத்தே நடத்தியது. வீரை மட்டும் தடித்த இலைகளோடு வீம்பாக நின்றது; வேர் எவ்வளவு ஆழம் போயிருக்குமோ. கொன்றை ஒன்றில் இலையே இல்லை, ஆனால் கிளையெல்லாம் மஞ்சள் பூ. மலையில் இருப்பது ஒரே செடி, மழை பொய்த்தால் மலையே சேர்ந்து வாடும். இங்கே ஒரே வெயில், ஒரே மண், ஆளுக்கொரு வழி. கோயிலுக்குள் நிற்பது போல இருந்தது. செருப்பைக் கழற்றலாமா என்றுகூட நினைத்தேன். முள்ளுக்குப் பயந்து விட்டுவிட்டேன்.

மனைவியைக் கூப்பிட்டேன். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, முறைத்துக்கொண்டேதான் வந்தாள். நான் காட்டியதை நம்பாமல், வேறொரு முதிரையைத் தானே தேர்ந்தெடுத்துச் சுரண்டினாள். நகத்தில் ஒட்டிய பச்சையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வறட்சியிலும் இதுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவே என்று முணுமுணுத்தாள். பிறகு, தூரத்தில் மூட்டைமேல் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

"அடுப்பு வைக்கக் குசினி கட்டுறப்போ இந்த மரத்த வெட்டாம, கொஞ்சம் தள்ளிப் போடுங்க," என்றாள்.