முதல் சீட்டும் இடக் கன்னமும்

பத்துப் பெண்களை நினைத்து இன்ஸாஃப் காலையிலிருந்தே பயந்துகொண்டிருந்தாள். பத்துப் பேரும் அவளை முத்தமிடுவார்கள். எகிப்தின் தமன்ஹூரில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் இரண்டு கன்னத்தையும் கொடுத்தாக வேண்டும். அவளுடைய இடக் கன்னத்தில் தலையணை பட்டாலே காதிலிருந்து தாடை வரை மின்சாரம் அடித்தது போல வெட்டி இழுக்கும்.

மூன்று வருடமாக இந்தப் பாடு. பல் டாக்டர் நல்ல பற்கள் இரண்டைப் பிடுங்கினார். பற்கள் போயின, வலி போகவில்லை. நரம்பு டாக்டர்தான் கண்டு சொன்னார்: மண்டைக்குள் ஒரு ரத்தக் குழாய் முகத்து நரம்பை அழுத்துகிறது, காதுக்குப் பின்னால் திறந்து அதை விலக்கி வைக்க வேண்டும். மாத்திரைக்கு வலி முதலில் அடங்கியது. அளவு கூடியதும் நடை தள்ளாடியது. பள்ளிக்கூட வாசலில் ரொட்டியும் அவித்த அவரைக்கொட்டையும் விற்கிறவள் தள்ளாடினால் யார் வாங்குவார்கள்? அரசுச் செலவில் அறுவை செய்யப் பெயர் கொடுத்து ஒன்பது மாதம் ஆயிற்று. கடிதம் வரவில்லை.

பணத்துக்கு மிச்சமிருந்த வழி, அவள் தெருவில் பெண்கள் மாதாமாதம் போடும் சீட்டு. ஏலம் கிடையாது, யாருக்கு எந்த மாதம் என்று பேசித்தான் முடிவு. அந்த வியாழக்கிழமை பிற்பகல், சீட்டு நடத்தும் ஹஜ்ஜா ராவியா வீட்டில் பேச்சு.

வாசலில் நாத்தனார் பத்ரியா அவள் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, நான் முன்னால போயி முத்தம் வேணாம்னு சொல்லிடறேன்."

"வேணாம். பல்லுவலின்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டும். மண்டையைத் திறக்கணும்னு தெரிஞ்சா மொதல் சீட்டு தருவாங்களா? இவ செத்துட்டா மீதி மாசம் யாரு கட்டுவான்னுதான் கேப்பாங்க."

பத்ரியா கையை விட்டாள். அவளுக்கும் அந்தப் பயம்தான்.

உள்ளே ஹஜ்ஜா எழவில்லை. போன வருடம் அவருடைய தாய் இறந்த துக்கத்தில் இன்ஸாஃப் கன்னம் கொடுக்காமல் கையை மட்டும் நீட்டிவிட்டு வந்திருந்தாள்.

"வா இன்ஸாஃப். மகாராணிக்கு இன்னைக்காவது கன்னம் இருக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். இன்ஸாஃப் குனிந்து கொடுத்தாள். வலது, இடது. ஹஜ்ஜாவின் முத்தம் தாங்கிவிட்டது. அடுத்தவளுடையதும் தாங்கியது. மூன்றாமவள் தையற்காரி ஸுஹைர். பாசக்காரி, அழுத்தி முத்தமிடுகிறவள்.

வெட்டியது. இன்ஸாஃப் நின்ற இடத்திலேயே உறைந்தாள். கை கன்னத்துக்கு அருகே வந்து, தொடாமல் அந்தரத்தில் நின்றது. வலக் கண்ணை விட இடக் கண்ணில் அதிகமாக நீர் கொட்டியது. ஒருத்தி ஈரத்துணியோடு ஓடி வந்தாள்.

"தொடாதீங்க!" என்று கத்தினாள் பத்ரியா. "யாரும் அவ மூஞ்சியத் தொடாதீங்க!"

பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், மண்டையைத் திறப்பது உட்பட.

ஸுஹைர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "ஆண்டவன் ஆயுசைக் குடுக்கட்டும்... ஆனா ஆபரேஷன் மேசையிலயே ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

"நான் கட்டறேன்," என்றாள் பத்ரியா.

"நீயா? போன சுத்துல ரெண்டு மாசம் உன்னைத் தேடிப் பிடிக்க என் செருப்பு தேஞ்சுது," என்றார் ஹஜ்ஜா.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஹஜ்ஜா இப்போது இன்ஸாஃபையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு எங்கம்மா துக்கத்துலயும் இதுதானா?"

இன்ஸாஃப் கண்ணை மட்டும் மூடித் திறந்தாள். தலையசைக்கத் துணிவில்லை.

"வாயத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதாடி? ஒரு வருஷமா உன்னத் திட்டிக்கிட்டு இருக்கேன்." சீட்டை நடத்துகிறவர் முதல் மாதத்தை எடுப்பது வழக்கம். ஹஜ்ஜா சீட்டு நோட்டில் தம் பெயரை அடித்தார். "மொதல் மாசம் உனக்கு. ஆனா ஸுஹைர் கேட்டது நியாயம். இவங்க எல்லாம் வாயக் கட்டி வயித்தக் கட்டிப் போடற காசு. உனக்குப் பதிலா ஒரு பேர் வேணும். உன் மக நெஹால் மருந்துக் கடையில சம்பாதிக்கிறா. அவ பேரை எழுதவா?"

நெஹாலுக்கும் பல்வலி என்றுதான் சொல்லி வைத்திருந்தாள். இனி இன்று ராத்திரியே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்: அம்மா திரும்பி வராவிட்டால் மாதாமாதம் நீ கட்ட வேண்டும் என்று.

"மககிட்ட நீதான் சொல்லணும்," என்றார் ஹஜ்ஜா. "நான் சொல்ல மாட்டேன்."

"எழுதுங்க," என்றாள் இன்ஸாஃப், உதட்டின் வலப் பக்கத்தால்.

ஹஜ்ஜா எழுதினார். இத்தனை நாளும் அவளுக்கு அறுவையைப் பற்றிப் பயமே வந்ததில்லை. அடுத்த வெட்டு எப்போது என்ற பயத்துக்கே பொழுது சரியாக இருந்தது. பணம் வருவது உறுதியான அந்த நொடியில் காதுக்குப் பின்னால், எலும்பைத் திறக்கப்போகும் இடத்தில், அவளுக்குச் சில்லிட்டது.