படகில் கோளாறு இருக்க வேண்டும்

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் வந்து நின்றால் அதன் தரையும் மாடித் தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு நூல் ஏறி நின்றாலும் அன்று அவருக்குச் சோறு இறங்காது. வீட்டுச் சுவரில் படம் மாட்டினால்கூட ரசமட்டம் வைத்துத்தான் மாட்டுவார். எனக்கு அந்த வியாதி கிடையாது. என் சட்டைப் பொத்தானே பாதி நாள் ஓட்டை மாறித்தான் இருக்கும்.

ஓய்வு பெற்றதும், யாரோ ஓட்டிச் சலித்த மோட்டார் படகு ஒன்றை வாங்கினார். அந்த நேரம் பார்த்து அண்ணிக்கு மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டது. பிழைத்துவிட்டார். ஆனால் எழுந்து நின்றால் எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்கிறது என்றார். "சிலருக்குச் சரியாகிடும், சிலருக்கு அப்படியே நின்னுடும்" என்று டாக்டர் கையை விரித்தார். சில மாதம் கழித்து அண்ணி சுவரைப் பிடிக்காமல் நடந்தார். தலை எப்படி இருக்கிறது என்று கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார். நாங்களும் நம்பினோம். நம்பத்தானே காத்துக்கிடந்தோம்.

அந்தத் தைரியத்தில்தான் படகில் ஏற்றினோம். ஏரி நடுவே வேகம் எடுத்ததும் அண்ணி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"என்னங்க, இடது பக்கம் சாயுது!"

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. சாய்வது படகா, அண்ணியின் தலையா? படகு என்றால் சரி பண்ணிவிடலாம்.

"படகுதான்" என்றார் அண்ணன், யாரும் கேட்காமலே. "பழசு இல்லையா, ஏதாவது இருக்கும்."

படகுப் பட்டறைக்காரரை எல்லோரும் பிஸ்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் விளக்கினார்: "பின்னாடி அடியில பக்கத்துக்கு ஒரு தகடு மாட்டுவோம், ட்ரிம் டேப்னு பேரு. ஓடும்போது பட்டனை அமுக்கினா தகடு இறங்கும், அந்தப் பக்கத்தைத் தண்ணி தூக்கிக் கொடுக்கும். ஆனா எடுத்த எடுப்புல மாட்டக் கூடாது சார். முதல்ல எடையை மாத்திப் பார்க்கணும்."

மாற்றினோம். பேட்டரி வலது பக்கம் போனது, பெட்ரோல் டேங்க் நடுவுக்கு வந்தது. என்னையும் வலது பக்கம் உட்கார வைத்தார்கள். என் தொப்பை குடும்பத்துக்கு உதவிய ஒரே சந்தர்ப்பம் அதுதான். அண்ணி மட்டும் கம்பியை விடவில்லை. "சாயுதே" என்றார், ஏதோ தன் தப்பு போல.

கடைசியில் அண்ணியை வீட்டில் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்து, அவர் இருக்கையில் அவர் எடைக்கு மணல் மூட்டை ஏற்றினோம். ரசமட்டத்தை முன்னால் வைத்து அண்ணன் முழு வேகத்தில் ஓட்டினார். குமிழி நட்ட நடுவில் நின்றது.

"சும்மா சொல்லக் கூடாது சார், தங்கமான படகு!" என்றார் பிஸ்டன். "ஒரு குறை கிடையாது. இதுக்குப் போய் ட்ரிம் டேப் மாட்டுறது தண்டம்."

"நல்லாப் பாருங்க. கொஞ்சமாவது சாயுதுல்ல?"

"இல்லையே சார்."

"ஒரு நூல்?"

பழைய படகு வாங்கினவன் கோளாறு இருந்தால் சண்டைக்குப் போவான். என் அண்ணன் கோளாறு இருக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். எனக்கோ பிஸ்டன் மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் அந்த மனுஷனுக்கு?

"பரவாயில்ல, மாட்டுங்க" என்றார் அண்ணன்.

தகடு மாட்டிய பிறகு அண்ணியை மறுபடி கூட்டிப் போனோம். அண்ணன் இடது பட்டனைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கினார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

படகு வலது பக்கம் சரிந்தது. டீ ஃபிளாஸ்க் உருண்டு என் காலில் வந்து இடித்தது. விழாமல் இருக்க நான் இருக்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"ஹப்பா, இப்பதாங்க நேரா இருக்கு!" அண்ணி கம்பியிலிருந்து கையை எடுத்தார். உடம்பு சரியில்லாமல் போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

"ஆமா, நேரா இருக்கு" என்றார் அண்ணன், ஒரு தோள் தாழ்ந்து உட்கார்ந்தபடி.

கரைக்கு வந்ததும் வேகம் குறைந்தது. ஓட்டம் நின்றால் தகட்டுக்கு வேலை கிடையாது. படகு தானாக மட்டத்துக்கு வந்தது. இறங்கிய அண்ணி சட்டென்று படகு கட்டும் கம்பத்தைக் கட்டிக்கொண்டார். அண்ணன் கயிறு கட்டக் குனிந்தார்.

"என்னங்க" என்றார் அண்ணி மெதுவாக. "நம்ம வீட்டுக்கும் இந்த மாதிரி ரெண்டு தகடு மாட்ட முடியுமா?"

இத்தனை மாதமும் சுவரைத் தொடாமல் அவர் நடந்தது எங்களுக்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணன் குனிந்தவர் நிமிரவில்லை.