சிவப்புக் குறி போட்ட கவர்

என் கையெழுத்து நன்றாக இருக்காது. பிழையும் நிறைய இருக்கும். தாராவி முனிசிபல் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த ர, எந்த ற என்று இன்றைக்கும் பேனாவைத் தூக்கிப் பிடித்து யோசிப்பேன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்கு வராது; அதனால்தான் எழுதுகிறேன். சொல்ல வந்தது ஒரு காகிதக் கவரைப் பற்றி. பழுப்பேறிய கவர். மேலே பெயர் இல்லை, தேதி இல்லை, சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி மட்டும். மூன்று வாரம் அது எங்கள் வீட்டு அலமாரியில், என் சட்டைகளுக்கு அடியில் கிடந்தது.

மாட்டுங்காவில் ஒரு ஸ்டூடியோவில் முப்பது வருடத்துக்கு முன்னால் வேலை செய்தேன். முதலாளி பெரிய மரக் கேமரா வைத்திருந்தார். மற்றவர்கள் எல்லாம் ரோல் பிலிமுக்குப் போன பிறகும், கல்யாணப் படங்களை மட்டும் அவர் அதில்தான் எடுப்பார். ஒரு படத்துக்கு ஒரு பிலிம், உள்ளங்கையை விடப் பெரியது. அதை ஹோல்டர் என்ற தட்டைப் பெட்டியில் இருட்டில் போட வேண்டும். ஹோல்டரின் மூடிக்கு ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் உள்ளே புது பிலிம். படம் எடுத்ததும் மூடியைத் திருப்பிக் கறுப்பு தெரியும்படி சொருக வேண்டும். திருப்ப மறந்தால், எடுத்த படத்தின் மேலேயே இன்னொரு படம் விழுந்துவிடும். கல்யாண வீடுகளில் மூடியைத் திருப்பிச் சொருகுவது பெரும்பாலும் என் வேலை. கூட்டம் அதிகமானால் முதலாளி தன் ஹோல்டரைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வார். "அவசரப்படாதேடா, கல்யாணம் எங்கயும் ஓடிப் போகாது" என்பார்.

ஒருநாள் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளை மறுநாளே குவைத்துக்கு விமானம் ஏற வேண்டியவர். இரண்டு குடும்பமும் சேர்ந்து நின்ற படம் அந்த ஒன்றுதான். எடுக்கும் நேரத்தில் பெண்ணின் சித்தி என்னை நாற்காலி கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்து போட்டேன். அதற்குப் பிறகு மூடியைத் திருப்பினேனா இல்லையா என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. சாயந்திரம் பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். குடும்பத்தின் மேல் சாப்பாட்டுப் பந்தி விழுந்திருந்தது. மாப்பிள்ளை முகத்தில் வாழையிலை, பெண்ணின் அப்பா தலையில் சாம்பார் வாளி. முதலாளி அதைக் காயவைத்துக் கவரில் போட்டுச் சிவப்புக் குறி போட்டார். "இன்னிக்குப் போறும். நீ ஆத்துக்குப் போ" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. இனி வராதே என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் போகவில்லை. இரண்டு முறை ஆள் அனுப்பினார். நான் பரண் மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, ஊருக்குப் போயிருக்கிறான் என்று அக்காவைச் சொல்ல வைத்தேன். பிறகு தாராவியிலேயே தோல் பை தைக்கும் பட்டறையில் சேர்ந்தேன். மாட்டுங்கா பக்கம் போனால் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன். குடும்பப் படம் இல்லாத அந்த வீட்டை நினைத்தால் எந்தக் கல்யாணத்திலும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

முதலாளி காலமாகிப் பல வருடம் ஆகிறது. செம்பூரில் இருக்கும் அவர் மகள் எப்படியோ விசாரித்து ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். கட்டிடத்தை இடிக்கப் போகிறார்கள், எட்டுப் பெட்டி நெகடிவ் இருக்கிறது, தூக்கிப் போட மனசில்லை, தெரிந்தவர் நீங்கள்தான், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தர முடியுமா என்று. மறுக்கத் தெரியாமல் வாங்கி வந்தேன். திறந்ததும் பழைய பிலிமின் புளித்த காடி வாசனை அடித்தது. மேல் பெட்டியிலேயே அந்தக் கவர் இருந்தது. யாரும் பார்ப்பதற்குள் எடுத்து ஒளித்தேன்.

வேலை என்னவோ நன்றாக நடந்தது. குழந்தைகள் படம் வரையும் வெளிச்சப் பலகை ஒன்றை என் மகள் வாங்கி வந்தாள். பட்டறைப் பலகையில் ஓட்டை போட்டு, அவள் போனைக் கீழே பார்த்தபடி வைக்க ஒரு ஸ்டாண்டு செய்தேன். போன் சாயாமல் இருக்கிறதா என்று பார்க்க, பலகை மேல் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை வைத்தால் போதும். லென்ஸ் தன்னையே நடுவில் பார்க்க வேண்டும். நெகடிவைச் சுற்றிக் கறுப்புக் காகிதம், கையில் பருத்தி உறை, தூசி தட்டத் தையல் மிஷின் பிரஷ். எங்கள் சந்தில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். முதல் தடவையாக அந்த இருட்டு உதவியது. மகள் போனில் தட்டினால் கறுப்பு முகங்கள் வெளுத்து மனிதர்களாகி எழுந்து வந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவியும் சமையலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள்.

கடைசிப் பெட்டியும் முடிந்தது. என் சட்டையை மடிக்க எடுத்த மனைவி கவரைக் கண்டுபிடித்தாள்.

"இது என்னது, ஒளிச்சு வச்சிருக்கிய?" என்றாள்.

 மகள் அதற்குள் பிரித்துப் பலகையில் வைத்துவிட்டாள். போனில் பார்த்து ஒரே சிரிப்பு. "அரே, அப்பா, மாப்பிள்ளை மூஞ்சில இலையும் அப்பளமும். ஓரத்துல வேற கட் கட்டா இருக்கு. வெட்டிரவா?"

"எத்தனை வெட்டு?" என்று கேட்டேன். 

"மூணு."

படம் அச்சுப் போடும்போது ஓரம் சட்டத்துக்குள் மறைந்துவிடும். யாரும் பார்க்க மாட்டார்கள். எந்த ஹோல்டரில் வெளிச்சம் கசிகிறது என்று தெரிந்துகொள்ள, முதலாளி ஒவ்வொன்றின் உள்விளிம்பிலும் அரத்தால் வெட்டுப் போட்டு வைத்திருந்தார். அது பிலிமின் ஓரத்தில் பதியும். என் கையில் இருந்தவை ஒரு வெட்டும் இரண்டு வெட்டும். மூன்று வெட்டு அவருடையது. அதை அவர் யாரையும் தொட விட்டதில்லை. பிலிம் போடுவதும் மூடி திருப்புவதும் அவரேதான்.

நான் எழுந்து வாசலுக்குப் போய்த் தண்ணீர் டிரம்மைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மனைவி பின்னாலேயே வந்தாள். முப்பது வருடக் கதையை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். "இதுக்கா கல்யாண வீட்டுல மோர் மட்டும் குடிச்சிட்டு வருவிய?" என்றாள். பிறகு தன் போனில் செம்பூர் நம்பரைப் போட்டு என் கையில் திணித்தாள். போன் பேசுவது எப்போதும் அவள்தான். அன்று நான் பேசினேன்.

நான் கவரைப் பற்றிக் கேட்டதுமே முதலாளியின் மகள் சிரித்தார். "அதுவா? அப்பாவே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மறுநாள் காலம்பற கேமராவைத் தூக்கிண்டு அவா ஆத்துக்கே போய் மறுபடி எடுத்துக் குடுத்துட்டார். உங்களைத்தான் கூட அழைச்சுண்டு போக ஆள் அனுப்பினார். நீங்க ஏன் வரலைன்னு மட்டும் கடைசி வரைக்கும் அவருக்குப் புரியலை."

என் மகள் ஏற்கெனவே ஏற்றியிருந்த படங்களில் தேடினோம். இருந்தது. போன வாரம் நானே பிரஷால் துடைத்து வைத்த நெகடிவ்தான். வேறு யாரோ என்று நினைத்துவிட்டேன். மண்டபம் இல்லை, ஒரு வீட்டுக் கூடம். வாடிய மாலைகளையே மறுபடி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை காலடியில் கயிறு கட்டிய பெட்டி. ஒருவர் விடாமல் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள். ஓரத்தில் ஒரு நாற்காலி காலியாக நிற்கிறது.

மகள் ஓரத்தை வெட்டவில்லை. வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நெகடிவைத் திரும்பக் கவரில் போட்டேன். ஸ்டூடியோவில் எல்லாக் கவரிலும் தேதி இருக்கும், இதில் மட்டும் இல்லை. முதலாளியின் சிவப்புக் குறிக்குக் கீழே, "மூன்று வெட்டு. மறுநாள் நல்லபடியாக எடுத்தாயிற்று" என்று என் கோணல் எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே எழுதிய நாளின் தேதியும் போட்டேன்: ஐப்பசி ஏழு, ஞாயிற்றுக்கிழமை.